நோயுற்றோரின் செபம்

படுக்கையில் விழுந்துவிட்ட ஒருவரைப் பார்க்கச் செல்லும்போது நாம் என்ன சொல்கிறோம்? "நன்றாகச் செபியுங்கள், விசுவாசம் இருந்தால் குணமாகும்" என்கிறோம். இது அவருக்கு ஆறுதலா, பாரமா என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

சென்ற தவக்காலத்தில் எங்கள் வகுப்பு மாணவியர் சிலர், புற்றுநோயால் படுத்திருந்த ஒரு பாட்டியம்மாளைப் பார்க்கச் சென்றோம். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர்கள் கூறிவிட்டனர். கையில் செபமாலை இருந்தது. "முதல் பத்து மணி முடியுமுன் தூங்கிவிடுகிறேன் பிள்ளைகளா, மாதாவுக்குக் கோபம் வருமா?" என்று கேட்டார். எங்களுக்குப் பதில் தெரியவில்லை.

அந்தப் பதிலைப் புனித குழந்தை தெரேசம்மாளின் வாழ்விலே கண்டோம். பிரான்சு நாட்டில் லிசியே நகரின் கார்மேல் மடத்தில் வாழ்ந்த அவர், 1896ஆம் ஆண்டு பெரிய வியாழன் இரவில் முதன்முதலாக இரத்தம் கக்கினார். காசநோய்க்கு அன்று மருந்து கிடையாது. 1897 செப்டம்பர் 30ஆம் நாள், தமது 24ஆம் வயதில் இறந்தார்.

விசுவாசம் குறைந்ததாலா அவர் குணமடையவில்லை? அவருக்காக நவநாள் செய்தார்கள், நோய் தீரவில்லை. மோட்சம் உண்டோ என்ற இருளும் அவர் உள்ளத்தைச் சூழ்ந்து, இறுதிவரை வாட்டியது. அப்போதும் விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தாலேயே எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். கடைசி ஆறு வாரங்கள் நற்கருணை வாங்கவும் அவரால் இயலவில்லை. நோய் வருமுன்னரும் செபவேளையில் தூங்கிவிடுவதுண்டாம். தூங்கும் பிள்ளையும் பெற்றோருக்குப் பிரியமானதே என்று அவர் மனம் தேறினார்.

புனிதைக்கே இப்படியென்றால், நம் வீட்டுத் தாய்மாரிடம் நீண்ட செபத்தை எதிர்பார்ப்பது நியாயமா? குணமாகாதவரை விசுவாசம் குறைந்தவர் என்று எண்ணுவது பிறர்சிநேகமா? இல்லை என்பதே எங்கள் கருத்து. சிலுவை அடையாளம் போட முடியாத கையும், மாதா சுரூபத்தை நோக்கும் கண்ணும் செபிக்கின்றன. அந்தச் செபம் ஆண்டவருக்குப் போதும்.

மறுவாரம் சென்று பாட்டியம்மாளிடம் இதைச் சொன்னோம். புன்னகை செய்தார். அன்றும் முதல் பத்து மணியிலேயே தூங்கிவிட்டார். மீதி மணிகளை நாங்கள் சொல்லி முடித்தோம்.

அன்புத் தோழியரே! நாம் குழந்தைகளாய்த் தூங்கிய இரவுகளில் நம் பாட்டிமாரும் அன்னையரும் நமக்காகச் செபமாலை சொன்னார்கள். அவர்கள் சோர்ந்து கிடக்கும்போது உபதேசம் வேண்டாம். அருகில் அமர்ந்து, விட்ட மணியிலிருந்து நாம் தொடர்வோம்.