எண் வேறு, இசை வேறு

கணினி வழியே இசை கேட்கும் வழக்கம் இந்நகரத்துத் தமிழ் இல்லங்களில் நன்கு பரவிவிட்டது. பகலெல்லாம் அலுவலகப் பணிக்கு உழைக்கும் அதே கணினி, மாலையில் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத்தைக் கூடத்துக்குக் கொண்டுவருகிறது. ஊரை விட்டு வந்து பிள்ளைகளுடன் தங்கியிருக்கும் முதிய பெற்றோருக்கு இது பேரின்பம். இங்கேயே பிறந்து வளரும் குழந்தைகளின் செவியில் தாய்மொழி இனிமையாகப் புகுவதும் பெரும்பாலும் பாட்டின் வழியேதான். ஆகவே, அப்பாட்டு விட்டுவிட்டு வந்தாலும், இரைச்சலோடு வந்தாலும், வாராமலே நின்றாலும் இல்லத்தார் மனம் நோவது இயல்பே.

அன்பர்கள் பலர் கூறும் குறை ஒன்று உண்டு. ‘உயர்தெளிவு இசை’ என்னும் விளம்பரத்தை நம்பி மாதந்தோறும் சந்தா செலுத்துகின்றனர்; ஒலியை மாற்றித் தரும் ‘டாக்’ என்னும் சிறு கருவியையும் வாங்கிப் பொருத்துகின்றனர். ஆயினும் முன்பு கேட்டதற்கும் இப்பொழுது கேட்பதற்கும் வேற்றுமை தோன்றவில்லை. எஸ்.பி. சாலைக்குச் சென்று இன்னும் விலையுயர்ந்த கருவி வாங்க வேண்டுமோ என வினவுகின்றனர். வேண்டா என்பதே நம் விடை. பணம் செலவிடுமுன், செலவின்றிப் பார்க்கத்தக்கவை பல உள.

முதற்கண் எண்களின் பொருளை அறிதல் வேண்டும். 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் கொண்டு குறிக்கிறது. இரு செவிக்குமாகச் சேர்த்தால் நொடிக்கு 14,11,200 பிட் ஆகும். உயர்தெளிவு இசையிலோ 24 பிட் கொண்டு நொடிக்கு 96,000 முறையோ 1,92,000 முறையோ அளப்பர். 96,000 முறை அளப்பதற்கு நொடிக்கு 46,08,000 பிட் தேவை. ‘பிளாக்’ போன்ற சுருக்க முறைகள், ஒன்றையும் இழக்காமலே இதனைப் பெரும்பாலும் பாதியளவுக்குக் குறைத்துவிடுகின்றன.

நம் நகருக்குக் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் குழாய் வழியே ஏற்றப்பட்டு வருகிறது. இடையே ஓரிடத்தில் குழாய் சிறுத்தால், வீட்டில் வந்து விழும் நீர் அச்சிறுத்த இடத்தின் அளவே ஆகும். இசையும் அத்தகையதே. வழியில் நான்கு இடங்களைப் பார்த்தல் நலம்.

முதலாவது, சந்தா செலுத்தும் செயலி. ‘ஆப்பிள் மியூசிக்’ சேவை 2021 சூன் திங்களில் இழப்பற்ற இசையைக் கூடுதல் கட்டணமின்றி வழங்கத் தொடங்கியது. எனினும் அமைப்புப் பகுதியில் அதனை நாமே இயக்கிக்கொள்ளல் வேண்டும். இயக்காதவர் பழைய இசையையே கேட்டுக்கொண்டிருப்பர்.

இரண்டாவது, கணினியின் உள்வழி. விண்டோஸ் கணினி, பாட்டையும் மின்னஞ்சல் மணியையும் கூட்டப் பேச்சையும் ஒன்றாகக் கலந்து, ஒரே அளவுக்கு மாற்றி வெளிவிடும். அவ்வளவு 48,000 என்றிருப்பின், 96,000 அளவில் வந்த பாட்டும் 48,000 ஆகிவிடும். இதனை அறிய ஓர் எளிய வழி உண்டு. டாக் கருவிகள் சிலவற்றின் முகப்பில் எண்ணோ வண்ண விளக்கோ தோன்றும். 44,100 அளவுள்ள பாட்டு ஒன்றையும் 96,000 அளவுள்ள பாட்டு ஒன்றையும் மாறிமாறி இசைக்கச் செய்க. குறி மாறவில்லையெனின் கணினி இடையே கைவைக்கிறது என்பது தெளிவு. ஒலி அமைப்பில் அளவை மாற்றுக. ‘ஒலி மேம்பாடு’ என்றிருப்பவற்றை அணைத்திடுக. இசைப்பான் மென்பொருளில் ‘எக்ஸ்குளூசிவ் மோட்’ என்னும் தனிவழி இருந்தால் அதனைத் தேர்க. மேக் கணினியில் ‘ஆடியோ மிடி செட்டப்’ என்னும் பகுதியில் இவ்வளவு காணப்படும்.

தனிவழியைத் தேர்ந்தபின், ‘கருவி வேறொன்றின் பயனில் உள்ளது’ எனக் கணினி கூறி இசைக்க மறுப்பதும் உண்டு. இது பழுதன்று. அலுவலகக் கூட்டச் செயலியோ இணைய உலாவியோ ஒலிவழியைப் பற்றிக்கொண்டிருக்கும். அதனை முற்றிலும் மூடிவிட்டால் பாட்டு எழும்.

மூன்றாவது, இறுதி இணைப்பு. புளூடூத் வழியே கேட்போர்க்கு மேற்கூறிய எண்கள் பெரிதும் பயன்படா. எஸ்.பி.சி. என்னும் பொது முறை நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் பிட்டையே கடத்தும். சிறந்ததெனப் பேசப்படும் எல்டாக் முறையும் 9,90,000 பிட்டைக் கடவாது. இரண்டும் குறுந்தகட்டின் அளவுக்கும் குறைந்தவை. கம்பி இணைப்பே இதற்கு மருந்து.

நான்காவது, வீட்டின் மின்சாரமும் இணையமும். பாட்டு விட்டுவிட்டு வந்தால் இணைய வேகத்தை மட்டும் குறைகூறற்க. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் அண்டை வீட்டு வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இடையூறு செய்யும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு மாறுதல், ரவுட்டரிலிருந்து கம்பி இழுத்தல், இசைப்பானின் ‘பஃபர்’ அளவைக் கூட்டுதல் ஆகியவை பயன் தரும். ‘உம்ம்’ என்னும் ஓயாத இரைச்சல் கேட்டால், மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பார்க்க. இரைச்சல் நின்றால் அது மின்வழி வந்ததே. கணினியையும் பெருக்கியையும் ஒரே பலகையில், எர்த் உள்ள மூன்று முனைச் செருகியில் இணைத்துப் பார்க்க. எர்த் முனையை ஒடித்து இரைச்சலைப் போக்கலாம் என்று எவரேனும் சொன்னால் கேளற்க. அது உயிருக்கே கேடு.

இவையெல்லாம் செம்மையுற்ற பின்னும் வேற்றுமை தோன்றாதிருக்கலாம். அதற்குக் காரணம் பாட்டின் பிறப்பிலேயே இருத்தல் கூடும். 1925-இல் மின்வழி ஒலிப்பதிவு வரும்வரை, பாடுவோர் ஒரு பெருங்கூம்பின் முன் நின்று பாட, அவ்வதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடிட்டது. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றோர் இசைத்தட்டுக்குப் பாடத் தொடங்கிய காலம் அது. அக்குரலில் அன்று பதியாத ஒன்றை, 1,92,000 என்னும் எண் இன்று கொணர்ந்து தராது.

செவியின் எல்லையும் கருதத்தக்கது. இளமையிலும் மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையே கேட்கும். குறுந்தகடு அதனை அடக்கியுள்ளது. முதுமையில் உச்ச ஒலிகள் இன்னும் குறையும். 2007-இல் அமெரிக்காவில் மேயர், மோரன் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வில், உயர்தெளிவுப் பதிவையும் குறுந்தகட்டு அளவையும் கேட்போரால் வேறு பிரிக்க இயலவில்லை. 2016-இல் ஜோஷுவா ரைஸ் என்னும் பேராசிரியர் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, வேற்றுமை சிறிது உணரப்படுகிறது என்றும், பயிற்சி பெற்றவர்க்கு அது பெரிதும் கூடுகிறது என்றும் கண்டார். இதனால் விளங்குவது, வேற்றுமை உண்டெனினும் மிக நுண்ணியது என்பதே.

ஆதலின், புதிய கருவி வாங்கும் எண்ணம் எழும்போது இல்லத்திலேயே ஒரு சோதனை செய்க. ஒரே பாட்டை இருவகையாக, ஒரே ஒலியளவில், எது எதுவெனச் சொல்லாமல் தந்தையாருக்கோ தாயாருக்கோ பத்து முறை கேட்கச் செய்க. அவர்கள் பிரித்தறியாராயின், அப்பணத்தை நல்ல ஒலிபெருக்கிக்கு ஒதுக்குக. அதனையும் சுவரோரத்தினின்று சற்று விலக்கி, அமர்வோர் செவியின் உயரத்தில் வைத்திடுக. குரல் தெளிந்து, சொல் விளங்கி, தம்புராவின் சுருதி நின்று ஒலிக்குமாயின், பெரியவர்களுக்கு அது போதும். பக்கத்தில் அமர்ந்து கேட்கும் பேரக்குழந்தைக்கும் அதுவே போதும்.