பறை எங்கே என்று கேட்கிறவர்களுக்கு

எங்கள் காலனிப் படிப்பகத்துப் பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பாட்டு ஆல்பம் போடப் போகிறார்கள். இது அவர்களுக்கு முதல் ஆல்பம். எட்டுப் பாட்டும் அவர்களே எழுதி மெட்டுப் போட்டவை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு அகூஸ்டிக் கிட்டார், ஒரு கஞ்சிரா, மூன்று குரல். கீபோர்டு இல்லை, கம்ப்யூட்டர் தாளம் இல்லை. பாதிப் பாட்டு நர்சிங் படிக்கிற ஒரு பெண் எழுதியது. காதலைப் பற்றி இரண்டு, ஹாஸ்டல் ஜன்னலைப் பற்றி ஒன்று, கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நடந்து வந்த ராத்திரியைப் பற்றி ஒன்று, செத்துப்போன பாட்டியைப் பற்றி ஒன்று என்று போகிறது பட்டியல்.

இதைக் கேள்விப்பட்ட நண்பர்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். சந்தோஷப்பட்ட கையோடு இரண்டு கேள்வியும் கேட்டார்கள். "பறை இல்லையா?" "சாதியைப் பத்தி ஒரு பாட்டுகூட இல்லையேம்மா?"

கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல, பலர் தோழர்கள். ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பதைப் பேசியாக வேண்டும். வேறு வீட்டுப் பிள்ளை கிட்டார் வாங்கிக் காதல் பாட்டுப் பாடினால், குரல் நன்றாக இருக்கிறதா என்று கேட்பார்கள். சேரிப் பிள்ளை அதையே செய்தால், ஏன் கோபமாகப் பாடவில்லை என்று கேட்கிறார்கள். அவர்கள் எதை எழுதலாம், எழுதிக் கேட்பதற்கு யாருக்குத் தகுதி என்ற பட்டியலை மற்றவர்களே வைத்திருக்கிறார்கள். நமக்கென்று ஒதுக்கிய தெரு, ஒதுக்கிய சுடுகாடு போல, ஒதுக்கிய பாட்டும் ஒன்று உண்டு போலிருக்கிறது.

பறையைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். என் அப்பா பறை அடித்தவர். ஊரில் யார் செத்தாலும் தகவல் சொல்ல ஓடவும், பாடை தூக்கும் வரை நின்று அடிக்கவும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூலி கொஞ்சம் நெல்லும் சாராயமும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒருநாள், "இனிமே அடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். அதன் பிறகு ஒரு வருஷம் ஊரில் யாரும் எங்கள் வீட்டை வயல் வேலைக்குக் கூப்பிடவில்லை. பரணில் போட்ட பறையின் தோலை எலி கடித்தது. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

அதே பறையைச் சாவு வீட்டிலிருந்து மேடைக்குக் கொண்டுவந்து, இது எங்கள் கலை என்று அடித்துச் சொன்னவர்களும் நம்மவர்கள்தான். கே.ஏ. குணசேகரன் ஊர் ஊராகப் பாடியதும், 2018 ஜனவரியில் சென்னையில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் ராப்பையும் ஒரே மேடையில் ஏற்றியதும் நமக்குத் திறந்துவிட்ட வழிகள். பறையை விட்டதும் சுயமரியாதை, எடுத்ததும் சுயமரியாதை. இரண்டையும் செய்தவர்கள் தாங்களே முடிவெடுத்துச் செய்தார்கள். அந்த முடிவை இன்னொருவர் எடுத்துக் கையில் கொடுத்தால் அது பழைய ஊர் வழக்கம்தான். கொடுக்கிறவர் முற்போக்காளர் என்பதால் அது மாறிவிடாது.

அப்படி ஒன்றும் நடந்தது. ஒருவர் தன் ஸ்டுடியோவை இரண்டு நாள் இலவசமாகத் தருவதாகச் சொன்னார். இரண்டு பாட்டிலாவது பறை வேண்டும், ஒரு பாட்டாவது "ரா"வாக இருக்க வேண்டும் என்றார். கூடவே ஒரு பக்க ஒப்பந்தமும் வந்தது: வரிகள், இசை, ஒலிப்பதிவு எல்லாவற்றின் உரிமையும் நிரந்தரமாக அவருக்கு. பிள்ளைகள் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார்கள். "யாரு அக்கா நமக்கு ஓசியில ஸ்டுடியோ குடுப்பாங்க?" என்று கேட்டாள் அந்த நர்சிங் மாணவி. நியாயமான கேள்வி. கையில் காசில்லாதவர்களிடம் உரிமையைப் பற்றிப் பேசுவது சுலபமில்லை.

அன்றைக்கு அவர்களிடம் எலிசபெத் காட்டனின் கதையைச் சொன்னேன். 1893இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண். வீட்டு வேலை செய்து சேர்த்த காசில், சிறுமியாக இருந்தபோதே 3 டாலர் 75 சென்ட்டுக்குக் கிட்டார் வாங்கினார். இடதுகைக்காரர் என்பதால் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்துத் தானாகவே வாசிக்கப் பழகினார். சின்ன வயதிலேயே சரக்கு ரயிலைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினார். பிறகு பல பத்தாண்டுகள் கிட்டாரையே தொடவில்லை. வயதான பிறகு சீகர் என்ற இசைக் குடும்பத்தில் வீட்டு வேலைக்குச் சேர்ந்தபோதுதான் அவர் வாசிப்பது வெளியே தெரிந்தது. அந்தக் குடும்பத்துப் பெண் மூலம் பாட்டு இங்கிலாந்து போனது. அங்கே வேறு இருவர் தங்கள் பெயரில் உரிமை போட்டுக்கொண்டார்கள், 1957இல் இன்னொரு குழு பாடி அது ஹிட்டானது. காட்டனின் முதல் ஆல்பம் 1958இல்தான் வந்தது. அப்போது அவருக்கு 65 வயது. அவருடைய வீட்டிலேயே டேப்பில் பதிவு செய்ததுதான் அது. பாட்டு அவருடையது என்பதை நிலைநாட்டப் பிறகு போராட வேண்டியிருந்தது.

இன்னொரு கதையும் சொன்னேன். 1988இல் டிரேசி சாப்மன் என்ற கறுப்பினப் பெண் அகூஸ்டிக் கிட்டாரோடு தன் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தார். வறுமையிலிருந்து தப்பிக்க நினைக்கும் ஒரு பெண்ணின் பாட்டு அதில் இருந்தது, குரலை உயர்த்தாத பாட்டு. எழுதியவர் என்று அவர் ஒருவர் பெயர்தான் இருந்தது. 35 ஆண்டுகள் கழித்து ஒரு வெள்ளையினப் பாடகர் அதைப் பாடியபோது, 2023இல் அமெரிக்க கன்ட்ரி இசைச் சங்கத்தின் சிறந்த பாடல் விருது சாப்மனுக்குப் போனது. அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பாடலாசிரியர் அவர். பெயர் தாளில் இருந்தது, அதனால் பாட்டு வீடு திரும்பியது.

நம் ஊரிலும் நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எத்தனையோ புத்தகமாகியிருக்கின்றன. தொகுத்தவர் பெயர் அட்டையில் இருக்கும். பாடிய கிழவியின் பெயர் பல புத்தகங்களில் தேடினாலும் கிடைக்காது. "மக்கள் பாட்டு" என்று சொல்லிவிட்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் முழுக்க நமக்கு எதிராக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டை எழுதி வைத்தாலே உரிமை பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. உரிமையை மாற்றிக் கொடுப்பதாக இருந்தால் எழுத்தில் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம்தான், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் ராயல்டியில் தங்களுக்குள்ள சம பங்கை ஒரு கம்பெனிக்கு விட்டுக்கொடுத்ததாக எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. கோரஸ் பாடியவருக்கும் கஞ்சிரா வாசித்தவருக்கும்கூட, இதில் பங்கேற்றவர் என்று தன் பெயரைப் போடச் சொல்லிக் கேட்கும் உரிமை உண்டு.

ஆகவே அந்த ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். படிப்பக அறையிலேயே பதிவு செய்யப் போகிறோம். சுவரில் கம்பளி, கதவில் பஞ்சு மெத்தை, ஃபேனை நிறுத்திவிட்டு, ராத்திரி பதினொன்றுக்கு மேல். கூரை தகரம் என்பதால் மழைக்காலத்துக்கு முன்னால் முடித்தாக வேண்டும். ஒரு மைக்கும் அதை லேப்டாப்பில் இணைக்கும் இன்டர்பேஸும் இரவல் கேட்டிருக்கிறோம். ஸ்டுடியோ தரம் வராது, கிட்டார் நரம்பில் விரல் உரசுவது கேட்கும். கேட்கட்டும்.

மைக்கை வைப்பதற்கு முன்னால் ஒரு நோட்டில் எட்டுப் பாட்டுக்கும் தனித்தனிப் பக்கம் போட்டோம். வரி யார், மெட்டு யார், வாசித்தது யார், காசு வந்தால் யாருக்கு எவ்வளவு. ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அதில் சண்டையும் வந்தது, நல்லதுதான், இப்போதே வரட்டும். பாட்டியைப் பற்றிய பாட்டின் மெட்டு, அந்தப் பாட்டியே பாடிய ஒப்பாரியிலிருந்து வந்தது. அதற்குப் "பாரம்பரியம்" என்று போடலாமா என்று கேட்டான் கிட்டார்ப் பையன். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் பாட்டியின் பெயரை எழுதினாள்.

பறை? அப்பாவிடம் கேட்டோம். "வேணாம்மா, இதுங்க நல்லா பாடுதுங்க, பாடட்டும்" என்றார். எனவே இந்த ஆல்பத்தில் பறை இல்லை. அடுத்த ஆல்பத்தில் பிள்ளைகள் விரும்பினால் இருக்கும், கோபமும் இருக்கும். அதை அவர்கள் சொல்வார்கள்.

உங்கள் காலனியிலும் பாட்டுக் கட்டுகிற பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களிடம் என்ன பாடப் போகிறாய் என்று சொல்லிக் கொடுக்க வேண்டாம். ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள், பெயர் எழுதச் சொல்லுங்கள்.

ஜெய் பீம்.