மலையைக் குறை சொல்லாதீர்கள்

"வண்டிக்குப் பிக்கப் இல்லை" என்று யாராவது சொன்னால், மூணாறில் நம் வாயில் உடனே வரும் பதில் ஒன்று உண்டு. "மலை ஏற்றம், அப்படித்தான் இருக்கும்." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; அதுபோல வண்டியின் கோளாறுக்கு நாம் மலையைப் பழிக்கிறோம். சில மாதம் கழித்து, மலை அல்ல, வண்டிதான் என்று தெரிந்ததும், அதே அவசரத்தில் "டர்போ போய்விட்டது, மாற்றிவிடு" என்கிறோம். இரண்டுமே தவறு என்பது என் கருத்து.

இதைச் சங்க மலரில் எழுதக் காரணம் இருக்கிறது. எஸ்டேட் லயத்தில் பிறந்த நம் பிள்ளைகள் பலருக்கு இன்று வாடகை வண்டிதான் பிழைப்பு. கடன் வாங்கி, பழைய வண்டியாகப் பார்த்து எடுக்கிறார்கள். அதில் டர்போவும் ஆட்டோமேட்டிக் கியரும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. கல்யாணமோ சாவோ, போடிமெட்டு இறங்கித் தேனிப் பக்கமும், மறையூர், சின்னார் வழியாக உடுமலைப் பக்கமும் போகாத குடும்பம் நம்மில் எது? அந்த வளைவுகளில் லாரியை முந்தும்போது வண்டி இழுக்காமல் நின்றால், போவது பணம் மட்டுமல்ல.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் தங்கை மகன் வாங்கிய டீசல் வண்டி ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. முதலில் "மலை" என்று நானே சொன்னேன். பிறகு கீழே ஒரு ஒர்க்‌ஷாப்பில் டர்போ மாற்ற 60,000 ரூபாய் கேட்டார்கள். அதிலும் தீராவிட்டால் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும் என்றார்கள். தங்கை வளையலைக் கழற்றத் தயாராகிவிட்டாள். கடைசியில், ஜீப்பிலேயே தலை நரைத்த ஒரு மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கிலோமீட்டர் வந்தார். மிதிக்கும்போது 'உஸ்' என்று ஒரு சத்தம். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் அடிப்பக்கம் கிழிந்திருந்தது. ஹோஸை மாற்றியதும் வண்டி ஏறியது. வளையல் கையிலேயே இருக்கிறது.

மலைக்கு இதில் பங்கே இல்லையா என்றால், உண்டு. மூணாறு ஏறத்தாழ 1,500 முதல் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிடச் சுமார் ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு அந்த அளவுக்குச் சக்தியும் குறையும். ஆனால் டர்போ என்பதே புகையின் வேகத்தில் சுழன்று, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவிதான். சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1918-இல் அமெரிக்கப் பொறியாளர் சான்ஃபோர்ட் மாஸ், விமான எஞ்சினில் டர்போவைப் பொருத்தி, 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்குக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டினார். உயரத்தில் காற்று குறைவதை ஈடுகட்ட முடியும் என்று மலைமேலேயே நிரூபிக்கப்பட்ட கருவி இது. அது பொருத்திய வண்டி நம் ஊரில் இழுக்கவில்லை என்றால், மலையைச் சாக்குச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

ஒன்று மட்டும் விதிவிலக்கு. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது டர்போ சுழன்று வேகம் பிடிக்கச் சற்று நேரமாகும்; மலையில் அந்தத் தாமதம் கூடுதலாகத் தெரியும். ஏறத்தாழ 2,000 சுற்றுக்கு மேல் வண்டி நன்றாக இழுத்தால் அது இயல்பு. அதற்கு மேலும் மந்தமாகவே இருந்தால், போடிக்குக் கீழே சமவெளியிலும் அப்படியே இருந்தால், அது கோளாறு.

அந்தக் கோளாறு எஞ்சினிலா, கியரிலா? ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு முட்களையும் பார்க்கட்டும். எஞ்சின் சுற்று விர்ரென்று ஏறி, வேகம் ஏறாவிட்டால் கியர்பாக்ஸ் நழுவுகிறது என்று சந்தேகிக்கலாம். (பெல்ட் வைத்த சி.வி.டி. வகையில் சுற்று முந்திக்கொண்டு ஏறுவது சகஜம். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.) சுற்றே ஏறத் திணறினால் எஞ்சினுக்குக் காற்றோ எரிபொருளோ போதவில்லை. கியரைக் கையால் மாற்றும் வசதியிருந்தால் இரண்டாவது கியரில் நிறுத்தி ஏற்றத்தில் போய்ப் பாருங்கள். அப்போது நன்றாக ஏறினால் வண்டியில் பெரும்பாலும் பழுதில்லை. தானாக மாறும்போது கியர் ஏற்றத்துக்குப் பொருத்தமாக விழவில்லை, அவ்வளவுதான்.

சமீப வண்டிகள் கோளாறு கண்டால் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். எஞ்சின் விளக்கும் எரியும். அணைத்துப் போட்டால் சிலசமயம் சரியானதுபோல் இருக்கும். அதை நம்பி விட்டுவிடாமல் ஸ்கேனர் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஆனால் ஸ்கேனர் காட்டும் எண் தீர்ப்பு அல்ல. பி0299 என்று வந்தால் டர்போவின் அழுத்தம் குறைவு என்றுதான் பொருள். டர்போ செத்துவிட்டது என்று அது சொல்லவில்லை. காய்ச்சலென்று தெர்மாமீட்டர் காட்டியதும் அறுவை சிகிச்சைக்கு யாரும் படுப்பதில்லையே!

ஆகவே மலிவானதிலிருந்து தொடங்குவோம். ஏர் ஃபில்டர், ஹோஸ்கள், அவற்றை இறுக்கும் கிளிப்புகள், டர்போவை இயக்கும் சின்ன வாக்குவம் குழாய் (எலி கடிப்பது இதைத்தான்), டீசல் ஃபில்டர். டீசல் வண்டி இழுக்காமல் கரும்புகை தள்ளினால் காற்று போதவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஓடி நின்ற வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் அதிகம் சுட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது; தொடாமல் கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே தெரியும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் உண்டு. டவுனுக்குள்ளேயே சின்னச் சின்னச் சவாரி போனால் அது அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது நீண்ட ஓட்டம் வேண்டும். இவை எல்லாம் பார்த்த பிறகுதான் டர்போ, அதற்கும் பிறகுதான் கியர்பாக்ஸ்.

மெக்கானிக்குகளை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. "சாயங்காலம் சவாரி இருக்கிறது, சீக்கிரம்" என்று அவசரப்படுத்துவது நாம்தான். பார்த்துச் சொல்வதற்கு ஒரு மணி நேரக் கூலி கேட்டால் முகம் சுளிக்கிறோம். ஆயிரக்கணக்கில் பொருள் மாற்றினால் கேள்வி கேட்காமல் கொடுக்கிறோம். நோயைக் கண்டறிவதும் வேலைதான், அதற்கும் கூலி உண்டு என்று நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதே சமயம், "எதை வைத்து இந்த முடிவுக்கு வந்தீர்கள், அண்ணே?" என்று மரியாதையாகக் கேட்க நமக்கு உரிமையுண்டு. கழற்றிய பொருளைக் காட்டச் சொல்லவும் உரிமையுண்டு.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று. பொங்கல் விழாவுக்கு வசூலிக்கும் பணத்தில் கொஞ்சம் ஒதுக்கி, சங்கத்துக்கென்று நல்ல ஸ்கேனர் ஒன்று வாங்கலாம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியோட்டும் நம் பிள்ளைகளைக் கூட்டி, ஜீப்பிலேயே காலம் கழித்த பெரியவர்களை அழைத்து, சத்தம் கேட்கவும் முள் பார்க்கவும் சொல்லிக்கொடுக்கச் செய்யலாம். எண் படிக்கப் பிள்ளைகளுக்குத் தெரியும். காது கொடுத்துக் கேட்கப் பெரியவர்களுக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தால் எத்தனையோ வீட்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போகாமல் தப்பும். அன்பர்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசி முடிவெடுக்க வேண்டும்.