பாடும் பிள்ளையின் கூலி

கே.பி. சுந்தராம்பாளைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லாரும் ரயிலில்தான் தொடங்குகிறார்கள். தகப்பன் இல்லாத கொடுமுடிச் சிறுமி ரயில் பெட்டியில் பாடுகிறாள், நீட்டிய கையில் காசு விழுகிறது, குரலைக் கேட்ட யாரோ ஒருவர் அவளை வேலு நாயர் நாடகக் கம்பெனியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். திறமையை எத்தனை ஆழத்தில் புதைத்தாலும் முளைத்துவிடும் என்பதற்கு இந்தக் கதையைச் சாட்சி சொல்லியே பழகிவிட்டோம். ஆனால் அந்த ரயில் பெட்டியில் நடந்தது, பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய ஒரு பெண் குழந்தை தன் வீட்டுக்குச் சோறு சம்பாதித்தது. அவர் மேடையேறிய முதல் வேடங்களில் ஒன்று ‘நல்லதங்காள்’ நாடகத்தின் மூத்த பிள்ளை. பசியால் வாடும் அந்தப் பிள்ளையை நடிக்க அவருக்கு வாத்தியார் தேவைப்பட்டிருக்காது.

அன்றைய நாடக உலகம் பிள்ளைகளின் தோளில்தான் நின்றது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பால சபையில் டி.கே. சண்முகம் சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். பாய்ஸ் கம்பெனிகளில் சோறும் உடையும் பாடமும் கிடைத்தன, பிரம்படியும் கிடைத்தது. சம்பளம் பெரும்பாலும் பெற்றவர் கைக்குப் போனது. மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும், நேற்றுவரை ராஜபார்ட்டாக இருந்த பையனுக்குக் கம்பெனியில் இடம் இல்லாமல் போகலாம். எத்தனையோ பையன்கள் அப்படிப் பதினைந்து வயதில் படிப்பும் தொழிலும் இல்லாமல் ஊர் திரும்பியிருக்கிறார்கள். அவர்களுடைய பெயர்கள் எந்த வரலாற்றிலும் இல்லை. சுந்தராம்பாளின் புகழைப் பேசும்போது இந்தப் பெயரில்லாதவர்களையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்பது நம் கட்சி.

சுந்தராம்பாள் தப்பித்தார். குரல் மட்டும் அதற்குக் காரணம் என்று நாம் நம்பவில்லை. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் எட்டிய குரல் அது, சந்தேகமில்லை. ஆனால் அவர் வளர்ந்தது ஸ்பெஷல் நாடகத்தின் காலத்தில். அங்கே நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி அமர்த்துவார்கள். இன்ன இரவுக்கு இன்ன தொகை என்று அவரவரே சொல்லலாம். இலங்கைக்குப் போய் நடித்தார், அங்கே பெயர் வாங்கினார். அங்கேதான் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா அவரோடு மேடையில் இணைந்தார். கிட்டப்பாவும் பால்மணம் மாறாத வயதிலேயே மேடைக்கு அனுப்பப்பட்டவர். இருவரும் 1927இல் மணந்துகொண்டார்கள். ‘வள்ளி திருமணம்’ எங்கே நடந்தாலும் ஜனம் வண்டி கட்டிக்கொண்டு வந்தது. இசைத்தட்டுகள் வந்த பிறகு, கொட்டகைக்குச் சீட்டு வாங்க முடியாதவர்களும் ஊர்க் கடைத்தெருவில் நின்று அவர்கள் குரலைக் கேட்டார்கள். இன்று நாம் பாப் பாடகர்கள் என்று சொல்கிறோமே, அந்த இடத்தில் அன்றைய தமிழ்நாட்டில் இருந்தவர்கள் இவர்கள்தாம். சத்தியமூர்த்தி இவர்களைக் காங்கிரஸ் மேடைக்கு அழைத்ததும் அந்தக் கூட்டத்தை நம்பித்தான்.

1933 டிசம்பர் 2 அன்று கிட்டப்பா இறந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது இருபத்தைந்து வயது. வெள்ளைக் கதருக்கு மாறினார், எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அந்த முடிவின் துயரத்தைப் பலரும் உருகி எழுதியிருக்கிறார்கள். அதில் இருந்த தொழில் துணிச்சலைப் பேசியவர்கள் குறைவு. ‘நந்தனார்’ படத்துக்காகத் தயாரிப்பாளர் அசன்தாஸ் கேட்டு வந்தபோது, ஆளை விரட்டிவிட எண்ணி ஒரு லட்சம் ரூபாய் கேட்டாராம். அவர் சம்மதித்துவிட்டார். 1935இல் ஒரு லட்சம்! நடித்தது நந்தனாராகவே. மகாராஜபுரம் விசுவநாதய்யர் வேதியராக நடித்தார். படம் எடுபடவில்லை, கல்கி அதைக் கேலி செய்தார். அது கிடக்கட்டும். ரயிலில் காலணாவுக்குக் கை நீட்டிய பெண், பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் தன் குரலுக்குத் தானே விலை சொல்லி, அதை வாங்கியும் காட்டினார். தமிழ்க் கலை வரலாற்றில் இதற்கு நிகரான நாள் அதிகமில்லை.

பிறகு ‘மணிமேகலை’, 1953இல் ‘ஔவையார்’, ‘பூம்புகார்’, ‘திருவிளையாடல்’. மேலவை உறுப்பினர் பதவியும் பத்மஸ்ரீயும் வந்தன. ‘துணைவன்’ படத்தில் பாடியதற்கு 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தபோது அவர் அறுபதைத் தொட்டிருந்தார். குழந்தையாக மேடையேறியவர்களில் இத்தனை நீண்ட வாழ்வு வாய்த்தவர்கள் அரிது. 1937இல் பேபி சரோஜா நடித்த ‘பாலயோகினி’ படம் வந்தபோது ஊர் ஊராகப் பெண் குழந்தைகளுக்குச் சரோஜா என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சரோஜாவின் திரை வாழ்வோ சில ஆண்டுகளில் முடிந்துபோனது.

இவ்வளவையும் கரையான்சாவடியிலிருந்து எழுதக் காரணம் உண்டு. ஆவடிச் சாலை பிரியும் நம் முனையில், சின்னத்திரையில் பாடிய பிள்ளைகளுக்கு வாழ்த்துப் பேனர் கட்டுகிறோம். டிரங்க் ரோட்டில் மேற்கே சற்றுப் போனால் படப்பிடிப்பு அரங்கங்கள். ஆடி மாதம் வந்தால் அம்மன் கோயில்தோறும் மெல்லிசைக் கச்சேரி. இரவு பதினொரு மணிக்கு எட்டு வயதுக் குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு குத்துப்பாட்டு பாடுகிறது, நாம் கைதட்டுகிறோம். அந்தக் கைதட்டல் அன்புதான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு தந்தார்கள், அது யார் கையில் போனது என்று யாரும் கேட்பதில்லை.

கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. 2017இல் விதிகள் வந்தன. பதினான்கு வயது நிரம்பாத கலைஞரை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது, படிப்பு நிற்கக் கூடாது. பிள்ளைக்கு விருப்பமில்லை என்றால் யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. படப்பிடிப்பானாலும் வணிக நிகழ்ச்சியானாலும் மாவட்ட ஆட்சியரின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். நமக்குத் திருவள்ளூர் ஆட்சியர். வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டை, தேசியமயமான வங்கியில் அந்தப் பிள்ளையின் பெயரிலேயே நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். பிள்ளை மேஜரானதும் அந்தப் பணம் அதற்கே. சார்லி சாப்ளினோடு ‘தி கிட்’ படத்தில் நடித்த ஜாக்கி கூகன், வளர்ந்த பிறகு தன் சம்பாத்தியம் கரைந்துபோனதைக் கண்டு தாய் மீது வழக்குப் போட்டதால்தான் 1939இல் கலிபோர்னியாவில் இப்படி ஒரு சட்டம் வந்தது. நமக்கு வந்துசேர இன்னும் ஏறக்குறைய எண்பது ஆண்டு ஆனது.

இருபது விழுக்காடு போதாது என்பது இந்த இதழின் கருத்து. உழைத்தது பிள்ளை என்றால் பாதியாவது அதன் பெயரில் இருக்க வேண்டும். பெற்றோரைத் திருடர்கள் என்று சொல்லவில்லை. வாடகையும் கடனும் நெருக்கும் வீடுகளைத் தெரியும். சுந்தராம்பாளின் தாய் பாலாம்பாளும் அந்த நெருக்கடியில்தான் மகளை அனுப்பினார். ஆனால் இருக்கிற இருபது விழுக்காடாவது வங்கிக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். நம் வட்டாரத்துக் கோயில் விழாக் குழுக்களுக்கும் பாட்டு வகுப்பு நடத்துகிற ஆசிரியர்களுக்கும் இதையே சொல்கிறோம்: பிள்ளையை மேடையேற்றும் முன் அனுமதித் தாள் எங்கே என்று கேளுங்கள், கச்சேரி முடிந்ததும் வங்கி ரசீதைக் கேளுங்கள். விதிகளின் எளிய தமிழ்ச் சுருக்கத்தை அடுத்த இதழோடு தனித்தாளாக இணைக்கிறோம். விண்ணப்பப் படிவம் நிரப்பத் துணை வேண்டும் பெற்றோர் ஆடி பிறக்கும் முன்பே நம்மிடம் வரலாம்.