அம்மாவுக்கு நான்தான் கம்பெனி

டிஸ்கி: இது லினக்ஸைத் திட்டுற பதிவு இல்லை. இதுல திட்டு வாங்கப் போறது அடியேன் மட்டுமே. :-)

பொட்டி தட்டிப் பிழைக்கிறவன் கையில ஒரு ராஸ்பெர்ரி பையைக் கொடுத்தா சும்மா இருப்பானா? மூணு வருஷம் முன்னாடி கும்பகோணத்து வீட்டு டிவிக்குப் பின்னால அதை ஒட்டி வச்சேன். லிப்ரெஎலெக் போட்டு, அதுக்குள்ள கோடி. 2002ல எக்ஸ்பாக்ஸ் மீடியா பிளேயரா ஆரம்பிச்சு, எக்ஸ்பிஎம்சி ஆகி, 2014ல கோடின்னு பேர் மாத்திக்கிட்ட அதே மென்பொருள்தான். எச்டிஎம்ஐ கேபிள் வழியாவே டிவி ரிமோட் அதுக்கும் வேலை செய்யும். அம்மா பத்து நிமிஷத்துல கத்துக்கிட்டாங்க.

இதெல்லாம் எதுக்குன்னா, அப்பாவோட ஏழு கேசட்டுக்காக. நான் சின்னப் பையனா இருந்தப்ப வீட்டுப் பேச்சையெல்லாம் டேப் ரிக்கார்டர்ல பதிவு பண்ணி வைப்பார். முதல்ல தேதி, கிழமை சொல்லுவார். அப்புறம் நான் குறள் ஒப்பிக்கிறது, பாட்டி திட்டுறது, நடுவுல குக்கர் விசில். அவர் போனதுக்கு அப்புறம் ஹெட்போன் ஓட்டையிலிருந்து லேப்டாப்புக்கு ஒயர் இழுத்து, ஆடாசிட்டியில ஒவ்வொண்ணா ஏத்தினேன். சுருக்காம வச்சா ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட 600 எம்பி. ஃப்ளாக் ஆக்கினா தரம் குறையாம ஏறக்குறைய பாதி. யூஎஸ்பி டிஸ்க்ல போட்டு பையில சொருகியாச்சு. அம்மா சாயங்காலம் காபி குடிச்சுக்கிட்டே கேப்பாங்க.

இத்தோட நிறுத்தியிருக்கலாம். கை நமைச்சல் விடுமா?

"ஒரு கம்ப்யூட்டர் முழுசா இருக்கு, பாட்டு மட்டும் பாடிக்கிட்டிருக்கே"ன்னு தோணிச்சு. லிப்ரெஎலெக்கைத் தூக்கிட்டு முழு லினக்ஸ் போட்டேன். டாக்கர், ஜெல்லிஃபின், வீடு முழுக்க விளம்பரத்தைத் தடுக்க பை-ஹோல், எல்லாம் அந்த ஒரே சின்ன போர்டுல. பெங்களூர்ல உக்காந்துக்கிட்டு எஸ்எஸ்ஹெச்ல உள்ளே போய் நோண்டுறதுல ஒரு சுகம். ஆபீஸ்ல ஆணி புடுங்கினது பத்தாதுன்னு ராத்திரியும் ஆணி.

போன வருஷம் அப்பாவோட நினைவு நாளுக்கு முந்தின ராத்திரி. நாளைக்கு எல்லாம் ஒழுங்கா ஓடணுமேன்னு ஒரு அப்டேட் தட்டினேன். பாதியில அங்க கரண்ட் போச்சு.

ஈஎக்ஸ்டி4ல ஜர்னல் இருக்கேன்னு கேப்பீங்க. அது ஃபைல் சிஸ்டம் குழம்பிப் போகாமப் பாத்துக்கும், அவ்வளவுதான். எஸ்டி கார்டுக்குள்ள ஒரு குட்டி கன்ட்ரோலர் இருக்கே, அது எழுதிக்கிட்டிருக்கும்போதே கரண்டைப் புடுங்கினா ஜர்னல் என்ன பண்ணும்? கார்டு காலி. பை-ஹோலும் அதுலதானே இருந்தது? டிஎன்எஸ் போனதால வீட்டு இண்டர்நெட்டும் காலி.

காலையில அம்மா போன். "தம்பி, டிவில ஒண்ணுமே வரலடா. வாட்ஸப்பும் போகல."

"பின்னாடி சின்ன பெட்டி இருக்கும் பாரும்மா. சிவப்பு லைட் எரியுதா? பச்சை மினுக்குதா?"

"சிவப்பு மட்டும்தான் எரியுது."

நாப்பது நிமிஷம் இப்படியே. வைஃபையை ஆஃப் பண்ணச் சொன்னதுக்கப்புறம் வாட்ஸப் வந்தது. அப்பா வரல. கடைசியில, "விடுடா, நீ வரும்போது கேட்டுக்கறேன்"னு சொல்லிட்டு சமையலைப் பாக்கப் போயிட்டாங்க. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை.

டிஸ்க் நல்லாத்தான் இருந்தது. அடுத்த வாரம் போய் அரை மணி நேரத்துல சரி பண்ணிட்டேன். ஆனா அந்த நாள் போனது போனதுதான்.

நாம அடிக்கடி ஒரு வசனம் பேசுவோம். கம்பெனிக்காரனை நம்பாதே, நாளைக்கே கடையைச் சாத்திடுவான், சொந்தமா வச்சுக்கோ. தப்பில்லை. கூகுள் ரீடரை 2013ல மூடினாங்க, கூகுள் ப்ளே மியூசிக்கை 2020ல மூடினாங்க. நானும் இதே வசனத்தைப் பேசித்தான் அந்தப் பெட்டியை வச்சேன். ஆனா அது யாருக்குச் சொந்தம்? பாஸ்வேர்டு என்கிட்ட, ரிப்பேர் என்கிட்ட, எப்ப அப்டேட்டுங்கிறதும் என் இஷ்டம். அம்மாவைக் கேட்டா நான்தான் அந்தக் கம்பெனி. கஸ்டமர் கேர்கூட சரியில்லாத கம்பெனி.

அதனால இப்ப சில மாத்தம் பண்ணியிருக்கேன். நோண்டுறதுக்கு பெங்களூர்ல தனிப் பெட்டி, அது நாளுக்கு நாலு தடவை செத்தாலும் கவலையில்லை. அம்மா வீட்ல திரும்பவும் லிப்ரெஎலெக். அதுல சிஸ்டம் பகுதியை எழுத முடியாத மாதிரி வச்சிருப்பாங்க, அதனால கரண்ட் போனா அடிபடுற வாய்ப்பு கம்மி. ரவுட்டர்ல பழையபடி சாதா டிஎன்எஸ். ஏழு கேசட்டும் எம்பி3யா ஒரு பென் டிரைவ்ல இருக்கு, பெட்டியே போனாலும் டிவியிலயே நேரா சொருகிக் கேக்கலாம். இன்னொரு காப்பி என்கிட்ட. எதை எங்க சொருகணும்னு ஒரு காகிதத்துல எழுதி அலமாரிக் கதவுல ஒட்டியாச்சு. கேசட்டையும் தூக்கிப் போடல.

இதுல தொழில்நுட்ப சாகசம் ஒண்ணுமே இல்லைதான். என்னைப் பொறுத்தவரைக்கும் நல்ல ஹோம் சர்வர்னா, நாம ஊர்ல இல்லாதப்பவும், ஏன், நாமளே இல்லாமப் போனாலும், வீட்ல இருக்கறவங்க கையில ஓடணும். மத்ததெல்லாம் நம்ம விளையாட்டு. விளையாடலாம், ஆனா அடுத்தவங்க சாமானை வச்சு இல்லை.

உங்க வீட்டுப் பெட்டி நின்னுபோனா, நீங்க இல்லாம யார் அதை ஓட வைப்பாங்க? இன்னிக்கு ராத்திரி வீட்ல கேட்டுப் பாருங்க. பதில் கொஞ்சம் சுடும். :-(