கண்ணில் படாத பெட்டி



மேலூரில் பஸ் ஏறி, மாட்டுத்தாவணியில் இறங்கி, மதுரைக் கடைகளில் பாகம் பாகமாக வாங்கிவந்து, குறைந்த செலவில் நாமே கம்ப்யூட்டர் 'அசெம்பிள்' செய்ய ஆசையா? நல்ல ஆசைதான்! 1976ல் வந்த முதல் ஆப்பிள் கம்ப்யூட்டரே வெறும் போர்டாகத்தான் விற்கப்பட்டது. கேபினட், கீ-போர்டு, மின்சாரம் தரும் டிரான்ஸ்பார்மர் எல்லாம் வாங்கியவர்தான் தேடிச் சேர்க்க வேண்டும்.

பணம் பற்றாது என்றதும் நம்மவர்கள் முதலில் கைவைப்பது எதில் தெரியுமா? எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில்! வெளியே தெரியாதே, எதற்குச் செலவு என்ற நினைப்பு. வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றி, உள்ளே உள்ள அத்தனை பேருக்கும் சாப்பாடு போடுவது அதுதான். மட்டமானதை வாங்கினால், தான் போவதோடு சமயத்தில் மதர்போர்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அப்பா, அம்மா சேர்த்த காசு புகைந்து போகலாமா? கலர் விளக்கு கேபினட்டை விடுங்கள். அந்தப் பணத்தை இதில் போடுங்கள். பிராசஸர் அந்த மதர்போர்டில் பொருந்துமா என்று கடைக்கார அண்ணனிடம் இரண்டு முறை கேளுங்கள். (வெட்கமே வேண்டாம்!)

மாட்டும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.