ஆலோசகர் வரப்பில் நின்று கேட்கட்டும்

நிலப் பதிவேடுகளைச் சீராக்க வெளியிலிருந்து ஆலோசகர்களை அமர்த்துவது உலகெங்கும் அரசாங்கங்களின் வழக்கமாகிவிட்டது. கணினி, வரைபடம், விண்கோள் படம், புதிய மென்பொருள் என்று அவர்கள் கொண்டு வரும் திட்டங்களுக்குப் பெருந்தொகை செலவாகிறது. இது வேண்டாத செலவு என்று ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஆலோசகர் யாரிடம் கேட்டு ஆலோசனை சொல்கிறார் என்பதே முதற்கேள்வி. சிறு விவசாயிக்கு நன்மை விளைவதும் விளையாததும் அதைப் பொறுத்ததே.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டாக விளங்கியவர் வுல்ஃப் லடெஜின்ஸ்கி. 1899-ல் உக்ரைனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறி, அந்நாட்டு வேளாண்மைத் துறையில் பணியாற்றியவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் நிலச் சீர்திருத்தத்தை வடிவமைப்பதில் ஆலோசகராக இருந்தார். அங்கே சட்டத்தைச் செயற்படுத்தும் பொறுப்பு அதிகாரிகளிடம் மட்டும் விடப்படவில்லை. ஊருக்கு ஊர் நிலக் குழு தேர்ந்தெடுக்கப்பட்டது. பத்து உறுப்பினர்களில் ஐவர் குத்தகை விவசாயிகள், மூவர் நில உடைமையாளர்கள், இருவர் சொந்த நிலத்தில் பயிரிடுவோர். எந்த வயலை யார் உழுகிறார் என்பது ஊராருக்குத் தெரியும். அதை மறைக்க எவராலும் முடியவில்லை. 1945-ல் சாகுபடி நிலத்தில் சுமார் 46 சதவீதம் குத்தகையில் இருந்தது. 1950-ல் அது ஏறத்தாழ 10 சதவீதமாகக் குறைந்தது.

அதே ஆலோசகர் 1960-களில் இந்தியாவுக்கும் வந்தார். தீவிர வேளாண்மைத் திட்டம் நடந்த மாவட்டங்கள் சிலவற்றில், தஞ்சாவூர் உட்பட, குத்தகை நிலைமையை நேரில் ஆராய்ந்தார். அவ்வறிக்கையைத் திட்டக் குழு 1965-ல் வெளியிட்டது. அவர் கண்டது இதுதான்: குத்தகை பெரும்பாலும் வாய்மொழி, பதிவேட்டில் குத்தகைதாரர் பெயர் இல்லை. அடுத்த போகம் நிலம் தன்னிடம் இருக்குமா என்று தெரியாதவர் உரத்துக்கும் நல்ல விதைக்கும் கடன் வாங்கிச் செலவிடத் தயங்குகிறார். விளைச்சலைப் பெருக்கும் திட்டத்துக்கே இது இடையூறு என்பதை அவர் தெளிவாக எடுத்துரைத்தார்.

பின்னர் 1969-ல் தமிழ்நாடு வேளாண் நிலக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆயினும் வாய்மொழிக் குத்தகையும் வாரமும் இன்றும் பரவலாக உள்ளன. பெயரைப் பதியச் சொன்னால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சம் ஒருபுறம். தனியாக அலுவலகப் படியேறி உடைமையாளருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டிய நிலை மறுபுறம். ஜப்பானில் இருந்ததுபோல் குத்தகைதாரருக்குத் துணைநிற்கும் ஊர்க்குழு இங்கே இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதுதான்.

ஊர்க்குழு எல்லாம் பழைய காலத்து வழி என்று சிலர் கூறலாம். ஆப்பிரிக்காவில் உள்ள ருவாண்டா அதை மறுக்கிறது. வெளிநாட்டு உதவியோடும் ஆலோசகர்களோடும் 2009 முதல் 2013 வரை அங்கே நாடு முழுவதும் நிலப்பதிவு நடந்தது. வானிலிருந்து எடுத்த பெரிய படத்தை வயலுக்கே கொண்டு சென்றனர். பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள், அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் கூடி நிற்க, எல்லையைப் படத்தில் கோடிட்டனர். ஒரு கோடிக்கும் மேற்பட்ட மனைகளும் வயல்களும் இவ்வாறு பதிவாயின. கருவி புதியது, சாட்சி ஊரார்தான்.

இன்று நம் விவசாயிக்குப் பதிவேடு என்பது வெறும் காகிதமன்று. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, வெள்ள நிவாரணம், கொள்முதல் நிலையத்தில் நெல் போடுதல் ஆகிய எல்லாவற்றுக்கும் சிட்டாவும் அடங்கலும் கேட்கப்படுகின்றன. 2019-ல் தொடங்கிய பிரதமரின் விவசாயி உதவித்தொகை நில உடைமையாளருக்கே உரியது, குத்தகைதாரருக்கு இல்லை. சேற்றில் இறங்கியவர் ஒருவர், பணம் பெறுபவர் மற்றொருவர் என்றால், அந்தப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றியதனால் மட்டும் பயன் என்ன? தவறான பெயர் முன்பு தாளில் இருந்தது. இனித் திரையில் இருக்கும்.

ஆகவே ஆலோசகரை அமர்த்தும் அரசு, ஒப்பந்தத்திலேயே மூன்று நிபந்தனைகளைச் சேர்க்க வேண்டும். முதலாவது, ஒவ்வொரு கிராமத்திலும் பதிவேட்டை ஊரார் முன்னிலையில் உரக்க வாசித்து, ஆட்சேபணை கேட்க வேண்டும். இரண்டாவது, அதைச் சரிபார்க்கும் குழுவில் குத்தகைதாரர்களும் பெண் விவசாயிகளும் இடம்பெற வேண்டும். மூன்றாவது, ஆலோசகருக்குரிய ஊதியத்தில் ஒரு பகுதியை, எத்தனை பக்க அறிக்கை தந்தார் என்று பாராமல், எத்தனை பிழைகள் திருத்தப்பட்டன என்று பார்த்தே வழங்க வேண்டும்.

விவசாயிகளுக்கும் ஒரு கடமை உண்டு. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சர்வே எண், பரப்பு, பெயர், நான்கெல்லை ஆகியவற்றில் மாறுதல் இருந்தால் உடனே எழுத்து மூலம் மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டுப் பெற வேண்டும். குத்தகைக்கு உழுவோர் குத்தகைத் தொகைக்குத் தவறாமல் இரசீது கேட்க வேண்டும். கிராம சபையில் இதைப் பற்றிப் பேச வேண்டும்.

ஆலோசகர் ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவார். அவர் விட்டுச் செல்லும் பதிவேட்டோடு காலமெல்லாம் வாழப்போகிறவர் விவசாயி. ஆதலால் அவரைக் கேட்டே அது எழுதப்பட வேண்டும்.